அச்சில் ஒட்டிய காசு

ரோம் நகரத்து நாணயச்சாலையில் சம்மட்டிச் சத்தம் காதைப் பிளக்கிறது. கீழச்சில் பேரரசரின் முகம். தியேகிஸ் இடக்கையில் பிடித்துச் சம்மட்டியால் அடிக்கும் மேலச்சில், போர் வெற்றியின் அடையாளமாக, கைகள் கட்டப்பட்டு அழும், தோற்ற டேசியா நாட்டுப் பெண் ஒருத்தி. தியேகிஸும் டேசியன்தான்; அதே போரில் பிடிபட்டு விலங்கோடு வந்தவன். சூடான வெள்ளி வில்லைகளை இரண்டு அச்சுக்கும் நடுவே எடுத்து வைக்கும் தாமா, அடித்த காசைத் திருப்பிப் பார்த்து வெளிறிப்போகிறான். ஒரு பக்கம் பேரரசர். மறுபக்கமும் அவரேதான், குழிந்துபோய். பெண்ணைக் காணோம். கூடையிலும் அப்படியே பல காசுகள்.

"டேய் பாவி! முன்னாடி அடிச்ச காசு ஒண்ணு மேலச்சுல ஒட்டிக்கிட்டு அவளை மறைச்சிருக்குடா. தெரியலையா?"

"தெரியும். தட்டிவிட மனசு வரல. கொஞ்ச நேரமாவது அவ அழாம இருக்கட்டுமே."

"அவ வெள்ளிடா, அழுதா அழுதுட்டுப் போறா! அச்சைப் பார்க்கறது என் வேலை. சவுக்கடி எனக்குத்தான். போன தடவை கிழிஞ்ச முதுகே இன்னும் ஆறல."

வரிசையின் கோடியில் மேற்பார்வையாளர் ஒப்டாட்டஸ் திரும்புகிறார். தாமா கெட்டுப்போன காசுகளை அள்ளி உருக்குச் சட்டியில் கொட்டுகிறான். குனிந்த அவன் முதுகுத் துணியில் ரத்தம் கசிகிறது. தியேகிஸ் அந்த முதுகையே பார்க்கிறான். பிறகு, ஒட்டிய காசைத் தட்டிவிட்டு, சம்மட்டியை ஓங்குகிறான்.

வந்து நின்ற ஒப்டாட்டஸ் அந்தப் புதுக் காசை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துச் சிரிக்கிறார். "பாருடா டேசியா, உங்க ஊர்க்காரி எவ்வளவு அழகா அழுறா!"

தியேகிஸ் பார்க்கிறான். தாமா அடுத்த வில்லையை வைக்கிறான்.