படிக்கட்டுப் பலகை

ஞாயிற்றுக்கிழமை இரவு, மூன்றாம் மாடிப் பெரியவர் ஐஸலே தன் கதவில் தொங்கிய பலகையைக் கழற்றி, ஓசைப்படாமல் இறங்கிவந்து, முதல் மாடிப் பெண் கோர்டூலாவின் கதவில் மாட்டியதை இரண்டாம் மாடி டில்மன் கண்ணாலேயே பார்த்துவிட்டான்.

'கூட்டும் வாரம்' என்று எழுதிய பலகை. யார் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் படிக்கட்டு முழுவதும் அவர்கள் பொறுப்பு. எங்கள் ஸ்டுட்கார்ட்டில் பெண்டாட்டி பிறந்தநாளை மறந்தாலும் மறப்பார்கள், இதை மறக்க மாட்டார்கள்.

"சார், உங்களுக்கே நியாயமா இருக்கா? போன வாரம்தான் அவங்க முறை. இந்த வாரம் உங்க முறை."

"படி சுத்தமா இருந்தா சரிதானே?"

"அவங்க மனசு சரியில்லாம கிடக்கிறாங்க சார். மூணு மாசமா வேலைக்கே போகல. மனநல டாக்டரைப் பார்க்க இன்னும் ஏழு மாசம் காத்திருக்கணுமாம்."

"அதுவரைக்கும் போன்லயே ஏதோ வைத்தியமாமே?"

"ஏதோ இல்ல, எங்க கம்பெனி ஆப்! டாக்டரே சீட்டுல எழுதித் தர்றாங்க. ஆறு நாட்டுல ஓடுது. மனுஷங்க மனசு எங்களுக்குத் தெரியும் சார். உங்களுக்குத் துடைப்பம்தான் தெரியும்."

பெரியவர் மேலே ஏறிப் போய்விட்டார்.

டில்மனுக்கு ஆறவில்லை. பலகையைக் கழற்றித் தன் கதவில் மாட்டினான். திங்கட்கிழமை காலை மூன்று மாடியையும் கூட்டித் துடைத்தான். நல்ல காரியம் செய்த களைப்பு சுகமாகத்தான் இருந்தது.

கீழே வாளியை எடுக்கப் போனபோது கோர்டூலா கதவைத் திறந்தாள். தலை வாரியிருந்தாள். கையில் துடைப்பம். பலகை இல்லாத தன் கதவைப் பார்த்தாள், பளபளத்த படியைப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"பலகையை யாரு எடுத்தது?"

"நான்தாங்க. ஐஸலேகிட்ட கறாரா பேசிட்டேன். இனிமே நீங்க கஷ்டப்பட வேணாம்."

"ஐயோ, அவரைத் திட்டினீங்களா? நான்தானே பலகையைக் கெஞ்சிக் கேட்டேன்! 'என் முறையை நான்தான் செய்வேன்'னு ஒரு மணி நேரம் அடம்பிடிச்சு, அப்புறம்தான் சம்மதிச்சார்."

போனில் அந்த ஆப்பைத் திறந்து நீட்டினாள். 'இன்று வாசலைத் தாண்டி ஒரு வேலையாவது செய்தீர்களா?' கீழே, போன வாரம் முழுக்க வரிசையாக ஏழு பச்சைக் குறிகள். அதற்கு முன்னால் எல்லாம் சிவப்பு.

"தெருவுக்குப் போக இன்னும் தைரியம் வரல. படி வரைக்கும்தான் கால் வருது. இன்னிக்கு நான் என்னத்தைச் செய்ய?"

அந்தக் கேள்வியை எழுதியவனே டில்மன்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓடிப்போய்ப் பலகையைக் கொண்டுவந்து அவள் கதவில் மாட்டினான்.

"எதுக்குங்க? அதான் துடைச்சாச்சே," என்று அவள் உள்ளே திரும்பினாள்.

அப்போது ஐஸலே கீழே வந்தார். படியில் ஒரு இலை கிடந்தாலே சத்தம் போடுகிற மனிதர். அவள் கையிலிருந்த துடைப்பத்தையும் ஈரப் படியையும் ஒரு பார்வை பார்த்தார். நேராகப் பின்பக்கத் தோட்டத்துக்குப் போனார்.

திரும்பி வந்தபோது பூட்ஸ் முழுக்கச் சேறு. ஒவ்வொரு படியிலும் நின்று, நிதானமாகக் காலை உதறி உதறி ஏறி, கோர்டூலா வாசலில் வந்து நின்றார்.

"வயசாச்சில்லம்மா, காலைத் துடைக்க மறந்துட்டேன்."