முதல் வரிசை

காலை பதினொன்றே காலுக்கு டேட்டா சென்டர் திணறிவிட்டது.

ஆஸ்பத்திரி வீடியோ உறைந்து நின்றது. அங்கே ஒருவருக்கு இதய ஆபரேஷன் பாதியில். வேறு ஊர்ப் பெரிய டாக்டர் திரையைப் பார்த்து வழி சொன்னால்தான் அடுத்த தையல்.

"முதல் வரிசை ஆஸ்பத்திரிக்கு மட்டும்னு கரடியாக் கத்தினேனே. எவன் அதுல எதை நுழைச்சான்?" தலைமை இன்ஜினியர் குதித்தார். ஸ்பீக்கரில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எது முன்னால் போவது, எது காத்திருப்பது என்று பிரித்து அனுப்புவது அங்கே ஒரு மென்பொருள். முதல் வரிசை என்று குறித்துவிட்டால் அது கேள்வி கேட்காது. இன்று அந்த வரிசையில் யானை மாதிரி ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டு பூட்டு வேறு. இங்கிருந்து நிறுத்த முடியவில்லை; அனுப்புகிறவரே நிறுத்தினால்தான் உண்டு.

எல்லாரும் பறக்க, மூலையில் ஒருவன் மட்டும் போனில் குழைந்துகொண்டிருந்தான். நத்தை என்று பட்டப்பெயர்.

"சொன்னாக் கேளும்மா... உன் கஷ்டம் புரியுதும்மா..."

"உயிர் ஊசலாடுது, உனக்குக் கொஞ்சல் கேக்குதா?" தலைமை இன்ஜினியர் பாய்ந்தார்.

"ஒரு நிமிஷம் சார்."

அவன் போனை வைத்ததுதான் தாமதம், நெரிசலைக் காட்டிய சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. திரையில் ஆபரேஷன் செய்யும் டாக்டரின் கை அசைந்தது.

"தெளிவா இருக்கு. தொடரலாம்," என்றது ஸ்பீக்கர்.

அறையே மூச்சு விட்டது. ஒருவர் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

தலைமை இன்ஜினியருக்குக் கோபம் இறங்கவில்லை. அறிக்கைப் படிவத்தை இழுத்தார். "தப்பு செஞ்சவன் பேரைச் சொல்லு."

"என் பேரையே போட்டுக்குங்க சார்," என்றான் நத்தை.

போட்டார். "உன் சீட்டைக் கிழிக்கிறேன் பார்."

அவர் போன் அடித்தது. மகள்.

"அப்பா, என் குறும்படத்தை அனுப்புறதை நிறுத்திட்டேன். இனி பன்னிரண்டு மணிக்குள்ள போட்டிக்குப் போய்ச் சேராது. பரவாயில்லப்பா, ஒரு உயிராச்சே. அந்த அண்ணன் எல்லாம் சொன்னார்."

காலேஜ் படம்தானே, என்ன பெரிசா இருக்கப்போகிறது என்று காலையில் அதை முதல் வரிசையில் போட்டுப் பூட்டியவர் அவர்தான்.

"என்கிட்டச் சொல்றதுக்கென்னய்யா?" குரல் இறங்கியிருந்தது.

"அத்தனை பேர் கேக்கும்போதா சார்? அதுவும் நீங்க திட்டி முடிக்கவே பத்து நிமிஷம் ஆகும்."

நத்தையின் பேரை அடித்துத் தன் பேரை எழுதினார். கீழே, 'சரிசெய்தவர்' என்று ஒரு கட்டம். பேனா நத்தையைப் பார்த்தது.

"நான் கெஞ்சினதோட சரி சார்."

எழுதினார்: என் மகள்.