ஈரலின் சாட்சி

"இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க. குடிச்சீங்களா, இல்லையா?"

டாக்டர் அறை வாசலில், காத்திருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரிதான் கேட்டாள் பிளம்பரின் மனைவி.

பிளம்பர் தலையைத் தூக்கவில்லை. "இல்லைன்னு உன்கிட்ட எத்தனை தடவை சொல்றது?"

"நீங்க சொல்றதை இது சொல்லலையே!" ரத்தப் பரிசோதனைத் தாளைக் கணவர் மடியில் போட்டாள்.

ஈரல் என்சைம் நாற்பதுக்குள் இருக்க வேண்டுமாம். போன மாதம் தொண்ணூறு. இந்த மாதம் நூற்று எண்பத்தாறு.

துணைக்கு வந்திருந்த அவளுடைய அண்ணன் சும்மா இருப்பாரா? "மாப்பிள்ளை, மனுஷன் பொய் சொல்லலாம். ரத்தம் சொல்லுமா?" அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். வாயைத் திறந்தாலே வசனம்தான்.

பிளம்பர் குடியை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. அதற்கு முன் குடித்த குடி கொஞ்சநஞ்சமா! இரண்டு முறை மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், இரண்டு முறையும் காற்றில் பறக்கவிட்டார். இன்னொரு தடவை தொட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள். வெறும் மிரட்டல் இல்லை. துணிமணியை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் இன்று கிளம்பி வந்திருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா தாளைப் படித்து முடிப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "குடிதானே டாக்டர்? உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க, எங்களுக்கு அது போதும்."

"கொஞ்சம் பொறுங்க" என்றவர், பிளம்பரைப் பார்த்தார். "ஒரு வீட்டுல தரையெல்லாம் தண்ணி நிக்குது. என்ன அர்த்தம்?"

"எங்கேயோ கசியுதுங்க."

"எந்தக் குழாய்னு தண்ணியைப் பார்த்தே சொல்லிடுவீங்களா?"

"அது எப்படிங்க? ஒவ்வொண்ணா தேடித்தான் பார்க்கணும்."

"இதுவும் அப்படித்தான். ஈரல் அடிபட்டா, அதுக்குள்ள இருக்கிற என்சைம் ரத்தத்துல கசியும். அடிபட்டிருக்குன்னு இந்த நம்பர் சொல்லும். யார் அடிச்சதுன்னு சொல்லாது. குடியும் ஒரு காரணம். கொழுப்பு, கிருமி, மாத்திரைன்னு இன்னும் எவ்வளவோ இருக்கு."

அண்ணனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"இவருக்குக் கிருமி இல்லை. ஸ்கேன்ல கொழுப்பும் இல்லை" என்று தொடர்ந்தார் டாக்டர். "இதுல ரெண்டு என்சைம் பார்க்கிறோம். குடியால ஏறினா பெரும்பாலும் முதலாவது எகிறும். இவருக்கு ரெண்டாவதுதான் எகிறியிருக்கு. இதை மட்டும் வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எனக்குக் குடி மேல சந்தேகம் கம்மிதான். வேற ஏதாவது சாப்பிடறீங்களா? வலி மாத்திரை, லேகியம், பொடி?"

"ஒண்ணும் இல்லைங்க." பட்டென்று வந்தது பதில்.

"நல்லா யோசிங்க. ஒரே மாசத்துல ரெண்டு மடங்கு ஏறியிருக்கு. எதையோ கூட்டியிருக்கீங்க."

"இல்லவே இல்லைங்க. வேற டெஸ்ட் இருந்தா எடுத்துப் பாருங்க."

"இருக்கு. ஊசியை உள்ளே விட்டு ஈரல்ல ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கணும்."

"எடுங்க" என்றார் பிளம்பர்.

அவ்வளவுதான், அவள் உடைந்துவிட்டாள். "ஐயோ, வேண்டாம் டாக்டர்! நான்தான்... நான்தான் பொடி போட்டேன்."

"என்ன பொடி?"

"குடியை மறக்கடிக்கிற பொடி. இவருக்குத் தெரியாம, தினம் காப்பியில ஒரு ஸ்பூன். ஒரு வருஷமா. போன மாசம் ரிசல்ட் வந்ததும், மறுபடி ஆரம்பிச்சுட்டாரோன்னு பயந்து ரெண்டு ஸ்பூனாக்கிட்டேன்."

"இதெல்லாம் எங்கேம்மா வாங்கறீங்க?"

"அண்ணன்தான் வாங்கிக் கொடுத்தார்."

அண்ணனுக்கு அந்த நேரம் பார்த்துத்தான் போனில் என்னவோ அவசரம். எழுந்து வெளியே போய்விட்டார்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "எனக்கு அந்தப் பொடி மேலதான் சந்தேகம். இன்னையோட நிறுத்துங்க. டப்பாவை எடுத்துட்டு வாங்க, அதுல என்ன கலந்திருக்குன்னு பார்ப்போம். நிறுத்தினா பெரும்பாலும் தானா இறங்கிடும். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். ஊசியெல்லாம் இப்ப வேண்டாம்."

வெளியே வந்தும் அவளுக்கு அழுகை அடங்கவில்லை. "உங்க உயிருக்கே உலை வச்சிருக்கேனே! ஒண்ணும் தெரியாம தினம் வாங்கி வாங்கிக் குடிச்சீங்களே..."

"தெரியாமன்னு யார் சொன்னா?" என்றார் பிளம்பர். "முதல் நாளே கசந்துச்சு. அலமாரியில டப்பாவையும் பார்த்துட்டேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ டாக்டர் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"டாக்டர்கிட்ட உன்னைக் காட்டிக் கொடுக்கச் சொல்றியா?"

"கசக்குதுன்னு தெரிஞ்சும் ஒரு வருஷமா ஏங்க குடிச்சீங்க?"

"நான் குடியை விட்டுட்டேன்னு சொன்னப்ப நீ நம்பலை. அந்தப் பொடியைத்தான் நம்பினே. அதைக் கலக்க ஆரம்பிச்ச அப்புறம்தான் நீ ராத்திரி நிம்மதியா தூங்கினே. அதுக்காகத்தான் குடிச்சேன்."