கழித்தல் வரும்வரை

"ஆறுக்கு அஞ்சு தப்பு. கழித்தல் வர்ற வரைக்கும் உன்னை விடப்போறதில்ல," என்றாள் அம்மா. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுக்கு வீட்டிலேயே பாடம். கணக்குச் சரியாக வந்தால், அடுத்த பாடத்தைத் தனியாகக் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். அம்மா ஆபீஸ் வேலையைத் திறந்துவிடுவாள். தப்பாக வந்தால் மறுநாளும் கழித்தல் ஆக்டிவிட்டி புக்தான். அம்மாவும் கூடவே உட்கார்ந்து எலிக்கு வழி தேடுவாள், கிளிக்கு வண்ணம் அடிப்பாள்.

மகள் தண்ணீர் குடிக்கப் போனதும், அவள் கணக்குப் போட்டிருந்த பக்கத்தை அப்பா எடுத்துப் பார்த்தார்.

"இவ உன்னை நல்லா ஏமாத்துறா. அஞ்சு விடையிலயும் கரெக்டா ஒண்ணு அதிகமா இருக்கு. சரியான விடை தெரியாம இப்படித் தப்பு பண்ண முடியாது."

"ம்."

"நீ என்னடான்னா மூணாவது புக் வேற வாங்கி வச்சிருக்க."

"நாள் முழுக்க அடுத்தவங்க கணக்கைச் சரிபார்க்கிறவ நான். எனக்கு முதல் நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கழித்தல் முடிஞ்சா எனக்கும் ஆபீஸ் வேலைதானே?"

மறுநாள் எலிக்கு வழி கண்டுபிடிக்கிற மும்முரத்தில், மகள் மறந்துபோய் ஆறு கணக்கையும் சரியாகப் போட்டுவிட்டாள். கவனித்தபோது அவள் முகம் சுருங்கிப்போனது.

அம்மா சிவப்புப் பேனாவை எடுத்துக் கடைசி விடையை வட்டமிட்டாள்.

"இது தப்பு. நாளைக்கும் கழித்தல்தான்."

மகள் விரல்விட்டு ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"ஆமாம்மா, தப்புதான்," என்றாள்.