சோமதாச வீட்டில் வாக்கெடுப்பு

தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கியதிலிருந்து இராசநாயகம் தன் சிங்களக் கட்சித் தோழர் சோமதாசவின் சாமான் அறையில் ஒளிந்திருந்தார். ஐந்தாம் நாள் கட்சிக் குழு அதே வீட்டின் முன்கூடத்தில் கூடியது. தமிழருக்குச் சமஷ்டி ஆட்சி கேட்டு இராசநாயகம் எழுதிய தீர்மானத்தை வாசித்தார்கள்.

"எழுதியவர் எங்கே?"

"யாழ்ப்பாணம் போயிட்டார்" என்றார் சோமதாச. ஜன்னலுக்கு வெளியே கும்பல் நின்றது.

வாக்கெடுத்தபோது பூட்டிய அறைக்குள் இராசநாயகமும் கையைத் தூக்கினார். தீர்மானம் ஒரு வாக்கால் தோற்றது.

பிறகு சோமதாச சோறு கொண்டுவந்தார்.

"நீங்களுமா எதிர்த்தீங்கள்?"

"முதல்ல வர்க்கம், தோழர். புரட்சி வந்தால் இனப்பிரச்சினை தானாத் தீரும்."

"எப்ப தீரும்?" இராசநாயகத்தின் குரல் உயர்ந்தது.

சோமதாச பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினார்.

"மெல்லக் கதையுங்கோ. தெருவுக்குத் தமிழ் கேட்கும்."

இராசநாயகம் அடங்கினார். அந்தக் கை உடனே விலகவில்லை.