பத்துச் செங்கல்

எங்கள் லைன் வீட்டு அடுப்படியில் புகை போக ஒரு செங்கல் அளவு ஓட்டைதான். அம்மா இருமியே இளைத்தாள். ஜன்னல் கேட்டு எஸ்டேட்டுக்கு மூன்று மனு எழுதினேன். "ஏனுங்க பட்டதாரியம்மா, நீங்களே இடிச்சுக்குங்க" என்று சிரித்தார் மனுவை வாங்கிய ஆபீஸ் ரைட்டர்.

இடித்தேன்! உள்ளிருந்தே ஓட்டையைச் சுற்றிப் பத்துச் செங்கல் பெயர்த்தேன். புகை மொத்தமும் ஓடியது. காப்பிச் செடிகள் தெரிந்தன.

"அட சாமி, காத்து!" என்றாள் அம்மா. அவள் இருமவில்லை.

சுத்தியலும் உளியுமாக வெளியே ஓடிப் பார்த்தேன். சுவரில் அதே ஒரு செங்கல் ஓட்டை. புகையே இல்லை.

"கையை வெளிய நீட்டும்மா!"

எந்தக் கையும் வரவில்லை.

"நீட்டிட்டனே கண்ணு," உள்ளே அம்மா சிரித்தாள். "உன் கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்குது? போதும், விடு."

என் இரண்டு கைகளிலும் சுத்தியலும் உளியும் இருந்தன.