ஓட்டிய கைக்கு விடுப்பு

லாரிகள் ஆளில்லாமல் ஓடத் தொடங்கியபோது, சங்ககிரி லாரிக் கம்பெனி தன் நல்ல டிரைவர்களின் ஓட்டும் கையை, அவரவர் வண்டி ஓட்டும் விதத்தை, அவற்றுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. எவர் கை ஓட்டுகிறதோ, ஓடிய தூரத்துக்கு ஏற்ப அவருக்கே சம்பளத்துடன் விடுப்பு சேரும். தர்ஷினியின் கணவர் கவின் இறந்த பிறகும் அவர் கை ஒரு லாரியை ஓட்டிக்கொண்டிருந்தது. விடுப்பும் சேர்ந்துகொண்டே போனது.

கம்பெனி மேனேஜர் தர்ஷினியிடம் போனில் கேட்டார். "லீவு ரொம்பச் சேர்ந்துபோச்சுங்க்கா. பணமாப் போட்டு உடட்டுங்களா?"

"லீவுன்னா அவரு ஊட்டுக்குத்தானுங்களே வருவாரு? அனுப்பி வையுங்க."

"லாரியவா? உங்க சந்துக்குள்ள அது நுழையாதுங்க்கா."

"ஓட்டறது அவருதான்னா நுழையும்."

சொல்லிவிட்டாளே தவிர, லாரி தெருமுனைக்கு வந்து நின்றபோது அவள் வாசற்படியைவிட்டு இறங்கவில்லை. நுழையாவிட்டால், அது வெறும் இயந்திரம். அவர் எங்கும் இல்லை.

லாரி சற்று முன்னே போனது. வலப்பக்கம் ஒடித்து, பின்புறமாகவே சந்துக்குள் வந்தது. இருபக்கச் சுவரிலும் உரசவில்லை. வாசலில் நின்ற பிறகும், எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னலின் வெளிச்சத்தை மறைக்காதபடி இன்னும் கொஞ்சம் பின்னே நகர்ந்து, ஓசை அடங்கியது.

எதிர்வீட்டு ஷமீனா ஓடி வந்தாள். "அக்கா! மாமா நிறுத்துற மாதிரியே..."

தர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மெதுவாப் பேசு புள்ள. லீவுல வந்த அன்னிக்கு நல்லாத் தூங்குவாரு."